பட்டமும் உழைப்பும் பொருட்காப்பும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால், தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து நகரத்துக் கல்லூரிகளை நோக்கிச் செல்லும் பேருந்துகளில் ஒரு காட்சியைக் காணலாம். வெள்ளை வேட்டி உடுத்த தந்தை ஒருவர், சான்றிதழ்கள் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அவர் அருகில் மகனோ மகளோ அமர்ந்து சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பர். அந்தப் பையினுள் சான்றிதழ்களோடு கல்லூரிக் கட்டணத்திற்கான பணமும் இருக்கும். அது நெல் விற்று வந்த பணமாக இருக்கலாம். தாயின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பெற்ற பணமாகவும் இருக்கலாம். "பிள்ளை பட்டம் பெற்றுவிட்டால் போதும், பிறகு குடும்பத்திற்குக் கவலை இல்லை" என்னும் நம்பிக்கையே அத்தந்தையை அப்பேருந்தில் ஏற்றியிருக்கிறது.

இந்நம்பிக்கை எவ்வளவு உறுதியானது? நன்றாகப் படித்துப் பட்டம் பெற்று, சோர்வின்றி உழைக்கும் ஒருவர்க்குப் பொருள் நிலையில் அச்சமற்ற வாழ்வு தவறாமல் கிடைக்குமா? இவ்வினாவைப் பலர் எழுப்புவதில்லை. எழுப்புவது கல்வியைப் பழிப்பதாகும் என்று சிலர் அஞ்சுகின்றனர். ஆயினும், வீடு கட்டுபவன் மண்ணின் தன்மையைச் சோதிப்பது வீட்டைப் பழிப்பது ஆகாது. அதுபோல, ஒரு நம்பிக்கையின் மேல் வாழ்க்கை முழுவதையும் கட்ட முற்படுவோர் அந்நம்பிக்கை தாங்கும் பளு எவ்வளவு என்பதை அறிந்திருத்தல் நலம்.

முதலில், பொருட்காப்பு என்பது யாது என்று தெளிதல் வேண்டும். அது பெருஞ்செல்வம் அன்று. மாளிகையும் மோட்டார் வண்டியும் உடையவர் ஒருவர், அவை அனைத்தையும் கடனில் பெற்றிருப்பாராயின், அவர் வாழ்வில் காப்பு இல்லை. சிறு வீட்டில் வாழ்ந்தும், மாதந்தோறும் தவறாத வருவாயும், நோய் வந்தால் எடுத்துச் செலவிடச் சிறிது சேமிப்பும், முதுமையில் பிறர் கையை எதிர்பாராத ஏற்பாடும் உடையவர் காப்புடன் வாழ்கின்றார். இன்று உண்ணும் உணவு நாளையும் கிடைக்கும் என்னும் உறுதியே பொருட்காப்பு. செல்வம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இடர் வந்தபோது அது எவ்வளவு தாங்கும் என்பதே இங்குக் கருதத்தக்கது.

பட்டம் பெற்றவர்க்கு இத்தகைய காப்பு எளிதில் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 1844-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசாங்கம், அரசாங்க வேலைகளுக்கு ஆங்கிலக் கல்வி பெற்றோரையே விரும்பி ஏற்பதென்று அறிவித்தது. 1857-ஆம் ஆண்டில் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவர் இருவர். அவ்விருவரும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தமிழர். ஒருவர் கறல் விசுவநாத பிள்ளை, மற்றொருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. தாமோதரம் பிள்ளை ஆசிரியராகப் பணிபுரிந்தார். அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் பதவி வகித்தார். பின்பு சட்டம் பயின்று வழக்கறிஞரானார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். பழந்தமிழ் நூல்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சில் ஏற்றிய பெருமையும் அவருக்கு உண்டு. பட்டம் என்னும் ஒரு திறவுகோல் அவருக்குப் பல கதவுகளைத் திறந்துவிட்டது.

அத்திறவுகோலுக்கு அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வந்தது? அவருடைய கல்வியும் அறிவும் ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அன்று கதவுகள் பல இருந்தன. திறவுகோல் வைத்திருந்தோர் மிகச் சிலர். ஆட்சி விரிவடைந்து வந்த அந்நாளில் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் பள்ளிகளும் பெருகின. அவற்றிற்கு வேண்டிய அளவு பட்டதாரிகள் இல்லை. எப்பொருள் அரிதாகவும் தேவையாகவும் இருக்கின்றதோ, அப்பொருளின் விலை உயரும் என்பது சந்தையின் இயல்பு. பட்டமும் இவ்வியல்புக்கு உட்பட்டதே.

காலம் செல்லச் செல்லப் பட்டம் பெறுவோர் தொகை பெருகியது. அலுவல்கள் அவ்வளவு விரைவாகப் பெருகவில்லை. 1929-ஆம் ஆண்டில் தொடங்கி உலகெங்கும் பெரும் பொருளாதார மந்தம் பரவியபோது, படித்தவரின் வேலையின்மை இந்தியாவிலும் கவலைக்குரிய செய்தியாயிற்று. ஐக்கிய மாகாணத்தில் 1934-ஆம் ஆண்டில், தேஜ் பகதூர் சாப்ரு அவர்களின் தலைமையில் இதனை ஆராய்வதற்கென்றே ஒரு குழு அமைக்கப்பட்டது. பட்டதாரிகள் வேலை தேடி அலைதல் இக்காலத்தில் தோன்றிய புதுமை அன்று என்பதை இது காட்டும். இக்கால மாணவர் சோம்பியதால் அல்லது அவர்தம் கல்வி தாழ்ந்ததால் மட்டுமே அவர்க்கு வேலை கிட்டவில்லை என்று கூறுவோர், இவ்வரலாற்றை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இற்றை நாளின் நிலையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022-ஆம் ஆண்டில் நான்காம் தொகுதித் தேர்வை நடத்தியது. கிராம நிருவாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய பதவிகளுக்குரிய தேர்வு அது. முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவரோ ஏறத்தாழ 22 லட்சம் பேர். ஓர் இடத்திற்கு ஏறத்தாழ 300 பேர் என்பது கணக்கு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான அத்தேர்வைப் பட்டதாரிகளும் எழுதினர். முந்நூறு பேரும் இரவு பகலாக உழைத்துப் படிக்கலாம். ஒவ்வொருவரும் தகுதி வாய்ந்தவராகவும் இருக்கலாம். எனினும் நாற்காலி ஒன்றுதான். எஞ்சிய இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் முயற்சியில் குறைந்தவர் என்று கூறுதல் பொருந்துமா? ஒருவருடைய உழைப்பு அவரை வரிசையில் முன்னே நிறுத்தலாம். நாற்காலிகளின் எண்ணிக்கையை அது கூட்டுவதில்லை.

இங்கு வியப்பூட்டும் புள்ளி ஒன்றையும் நோக்கலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-ஆம் ஆண்டில், இந்தியாவின் வேலைவாய்ப்பைப் பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டில் இந்திய இளைஞருள் எழுதப் படிக்கத் தெரியாதவரிடையே வேலையின்மை நூற்றுக்கு 3.4 என்றும், பட்டதாரிகளிடையே நூற்றுக்கு 29.1 என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. இதனைக் கண்ட ஒருவர், "அப்படியாயின் படிக்காமல் இருப்பதே நன்று போலும்!" என்று முடிவு கட்டிவிடக்கூடும். அம்முடிவு பிழையானது. வேலை தேடியும் கிடைக்காதவரையே வேலையில்லாதவர் என்று இக்கணக்கு கொள்கின்றது. கல்லாத ஏழை ஒருவர், வேலை தேடிக்கொண்டு ஓர் ஆண்டு காத்திருக்க இயலாது. காத்திருந்தால் அன்றைய அடுப்பு எரியாது. ஆகவே அவர் கல் உடைக்கவும், மூட்டை சுமக்கவும், கிடைத்த கூலிக்கு உடனே செல்கின்றார். அவருக்கு வேலை இருக்கின்றது, காப்பு இல்லை. பட்டதாரியோ, கற்ற கல்விக்கு ஏற்ற வேலையை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றார். அவரைத் தாங்கப் பெற்றோரின் சிறு வருவாயேனும் இருக்கின்றது. ஆதலின் கல்வியால் வேலையின்மை விளைந்தது என்பது பொருள் அன்று. கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கு ஈடாக நல்ல வேலைகள் வளரவில்லை என்பதே பொருள்.

பட்டத்தின் பயன் அது எத்துறையில் பெறப்பட்டது என்பதையும், எக்காலத்தில் பெறப்பட்டது என்பதையும் பொறுத்தது. தமிழ்நாட்டில் 1984-ஆம் ஆண்டு முதல் தனியார் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் தோன்றத் தொடங்கின. கணிப்பொறித் தொழில் வளர்ந்து, பொறியியல் பயின்றோர் நல்ல ஊதியம் பெறுவதை மக்கள் கண்டனர். ஊருக்கு ஒருவர் அவ்வாறு உயர்ந்தால், ஊரார் அனைவரும் தம் பிள்ளைகளை அவ்வழியே அனுப்ப விரும்புதல் இயற்கை. கல்லூரிகள் ஐந்நூற்றுக்கு மேலும் பெருகின. பின்னர், பயின்றோர் பலருக்குத் துறைக்கேற்ற வேலை கிட்டாமை கண்டு மாணவர் வரவு குறைந்தது. இடங்கள் பல நிரம்பாமற் கிடந்தன. சில கல்லூரிகள் மூடவும்பட்டன.

இதன் உட்காரணத்தை உழவர் நன்கு அறிவர். பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடுவோர் பலர். ஒரு பருவத்தில் வெங்காயம் நல்ல விலைக்கு விற்றால், அடுத்த பருவத்தில் எல்லாரும் வெங்காயமே நடுகின்றனர். அறுவடை நாளில் எல்லார் வெங்காயமும் ஒருங்கே சந்தைக்கு வருகின்றது, விலை வீழ்கின்றது. உழவர் நட்டபோது கண்ட விலை வேறு. விற்கும்போது பெறும் விலை வேறு. வெங்காயத்திற்குச் சில மாத இடைவெளிதான். பட்டப் படிப்பிற்கோ மூன்று அல்லது நான்கு ஆண்டு இடைவெளி. கல்லூரியில் சேரும் நாளில் எத்தொழில் ஓங்கி நிற்கின்றது என்று பார்த்துச் சேருகின்றனர்; வெளிவரும் நாளில் அத்தொழில் எந்நிலையில் இருக்கும் என்பதை எவரும் உறுதி கூற இயலாது. வெங்காயத்தை விற்றுவிட்டு உழவர் அடுத்த பருவத்திலே வேறு பயிருக்கு மாறலாம். மாணவர் தம் இளமையின் நான்கு ஆண்டுகளைத் திரும்பப் பெறுதல் அரிது.

பட்டத்திற்கு விலையும் உண்டு. கல்விக் கடன் பெற்றுப் படிக்கும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் அவர் 1 லட்சம் ரூபாய் கடன் பெறுகின்றார் எனக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து, தனி வட்டி. படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்துக் கடனைத் திருப்பத் தொடங்க வேண்டும். முதலாண்டில் பெற்ற லட்சத்திற்கு ஐந்தாண்டு வட்டி 50,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் பெற்றதற்கு 40,000. மூன்றாம் ஆண்டில் பெற்றதற்கு 30,000. நான்காம் ஆண்டில் பெற்றதற்கு 20,000. ஆக வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். முதல் மாதச் சம்பளம் வாங்குமுன்னரே அவர் 5,40,000 ரூபாய்க்குக் கடனாளி. நல்ல வேலை உடனே கிட்டினால் இக்கடன் சில ஆண்டுகளில் தீரும். வேலை கிட்டத் தாமதமானால், காப்பைத் தேடிச் சென்ற வழியே காப்பின்மைக்குக் காரணமாகிவிடும். ஆதலின் எப்படிப்பு என்று எண்ணுவதோடு, எவ்வளவு கடனில் அப்படிப்பு என்றும் எண்ணுதல் கடமையாகும். அரசுக் கல்லூரிகளும், உதவித் தொகைகளும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையும் ஏழை மாணவர்க்குச் செய்யும் நன்மை இங்குப் புலனாகும்.

இனி உழைப்பைப் பற்றி நோக்குவோம். உழைப்பே செல்வம் தரும் என்பது பெரியோர் வாக்கு. உழைப்பின்றிச் செல்வம் இல்லை என்பது உண்மை. ஆனால் உழைத்தோர் அனைவரும் செல்வர் ஆவர் என்பது அதிலிருந்து பெறப்படாது. விடியற்காலையில் எழுந்து தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் உப்பு வாரும் பெண்ணைவிடக் கடுமையாக உழைப்பவர் எத்தனை பேர்? உழைப்பே செல்வத்தை அளக்கும் கோலாயின், அவர் நாட்டின் செல்வருள் ஒருவராக விளங்கவேண்டும். உழைப்பு, நிலத்தோடும் முதலோடும் கருவியோடும் கற்ற திறத்தோடும் சேரும்போதே பெரும்பயன் தருகின்றது. வெறுங்கையின் உழைப்பு அன்றைய கூலியோடு நின்றுவிடுகின்றது.

நிலமும் உழைப்பும் சேர்ந்திருந்தும் இயற்கை ஒரே இரவில் அழித்துவிடுதலும் உண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆம் நாள், கஜா என்னும் புயல் வேதாரணியம் பகுதியில் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. நெட்டைத் தென்னை காய்க்கத் தொடங்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். நன்கு காய்க்க மேலும் சில ஆண்டுகள் ஆகும். தந்தை நட்டு மகன் நீர் ஊற்றிய மரங்கள் அவை. தோப்பை நம்பி மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் மறுநாட் காலையில், வேரோடு வீழ்ந்த மரங்களின் நடுவே நின்றன. அக்குடும்பங்கள் உழைக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

அறிவும் உழைப்பும் பட்டமும் மூன்றும் ஒருவரிடம் ஒருங்கே அமைந்தாலும் காப்பு உறுதியாகி விடுவதில்லை என்பதற்குக் கணித மேதை இராமானுசன் வாழ்க்கையே சான்று. 1887-ஆம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதத்தில் மட்டும் ஆழ்ந்து பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரியில் உதவித் தொகையை இழந்தார். கல்லூரித் தேர்விலும் தேறவில்லை. 1912-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். மறு ஆண்டு, கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டி என்பார்க்கு அவர் எழுதிய கடிதம் அவர் வாழ்வைத் திருப்பியது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித் தொகை அளித்தது. 1914-இல் இங்கிலாந்து சென்றார். 1916-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் பட்டமும், 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினர் என்னும் பெருஞ்சிறப்பும் அவரை வந்தடைந்தன. ஆனால் நோயும் உடன் வந்தது. 1919-இல் தாயகம் திரும்பிய அவர் மறு ஆண்டிலேயே, தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய மனைவி சானகி அம்மையார்க்குப் பல்கலைக்கழகம் வழங்கியது சிறு ஓய்வூதியமே. அவ்வம்மையார் தையற்கலை கற்று, தம் கையுழைப்பால் வாழ்க்கை நடத்தினார். மேதையின் திறமை வெளிப்படுதற்கும் அதனை அறிந்து உதவுவார் வேண்டியிருந்தனர். வந்த உயர்வு நிலைபெறுதற்கோ உடல்நலம் வேண்டியிருந்தது. இவ்விரண்டும் எந்தப் பட்டத்தோடும் சேர்த்து வழங்கப்படுவன அல்ல.

வேலையும் கிடைத்து, ஊதியமும் வந்து, சிக்கனமாகச் சேமித்தும் வைத்தவர்க்கு அச்சம் இல்லை எனலாமா? அதற்கும் சென்னை வரலாறு ஒரு பாடம் புகட்டுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆர்பத்நாட்டுக் கம்பெனி என்பது சென்னையில் பெரும்பெயர் பெற்ற வாணிக நிறுவனம். மக்கள் தம் சேமிப்பை அதனிடம் நம்பி ஒப்படைத்தனர். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் நாள் அந்நிறுவனம் முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பொருளை இழந்தனர். அவர்கள் படித்தவர், உழைத்தவர், சேமித்தவர். அறநூல்கள் கூறும் கடமைகளுள் எதனை அவர்கள் தவறவிட்டனர்? ஒன்றையும் இல்லை. பிறர் செய்த பிழை அவர்தம் முதுமையைத் தாக்கியது.

அவ்விடருக்குப் பின் நிகழ்ந்தவை பெரிதும் சிந்திக்கத்தக்கவை. இழந்தோர் தத்தம் விதியை நொந்துகொண்டு இருந்துவிடவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று, 1907-ஆம் ஆண்டில் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர். 1935-இல் நாட்டின் வங்கிகளுக்கெல்லாம் தலைமையாக ரிசர்வ் வங்கி அமைந்தது. 1960-இல் கேரளத்தில் பாலை மத்திய வங்கி வீழ்ந்தபோது, வங்கியிற் பணம் வைத்தோரைக் காக்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1962-ஆம் ஆண்டு முதல் வைப்புத் தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையில் இருந்த அக்காப்பு, 2020-ஆம் ஆண்டில் 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒருவர் தனித்து நின்று எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பெறமுடியாத காப்பைப் பலர் கூடி அமைத்த ஏற்பாடு தருகின்றது என்பது இதனால் விளங்கும்.

நோய், முதுமை, விபத்து ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். ஆயிரம் வீடுகளுள் எவ்வீட்டில் நாளை நோய் புகும் என்பதை யாரும் அறியார். ஆயினும் ஆயிரம் வீட்டாரும் சிறு தொகை சேர்த்து வைப்பின், நோயுற்ற வீட்டார் நிலம் விற்க நேராது. காப்பீட்டின் தத்துவம் இதுவே. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தையும், 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியையும் கொணர்ந்தன. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர்க்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் நாள் கூலி பெறுவோரும், சிறு கடைகளிலும் வயல்களிலும் உழைப்போரும், ஒப்பந்த வேலை செய்யும் பட்டதாரிகளும் இத்தகைய காப்பு முழுமையாகக் கிட்டாத நிலையில் இன்னும் பலர் உள்ளனர். ஒரே அளவு படித்து ஒரே அளவு உழைக்கும் இருவருள், வைப்பு நிதியும் ஓய்வூதியமும் உள்ள வேலையில் இருப்பவர் அமைதியாக உறங்குகின்றார்; அவை இல்லாத வேலையில் இருப்பவர் அடுத்த மாதத்தை எண்ணி விழித்திருக்கின்றார். இவ்வேறுபாடு அவர்தம் முயற்சியால் வந்தது அன்று, ஏற்பாட்டால் வந்தது.

இவ்வளவும் கூறியதனால், "படிப்பதும் உழைப்பதும் வீண்" என்று எவரும் கருதிவிடலாகாது. மழை பொய்க்கக்கூடும் என்பதற்காக உழவர் விதைக்காமல் இருப்பதில்லை. விதைத்தால் விளைச்சல் உறுதி என்று சொல்ல முடியாது. விதைக்காவிடின் விளைச்சல் இல்லை என்பதோ உறுதி. வேலையில் அமர்ந்தவரை ஒப்பிட்டால், பொதுவாகப் பட்டதாரியின் ஊதியம் கல்லாதவர் ஊதியத்தினும் மிகுதியாகவே உள்ளது. கற்றவர் ஒரு தொழில் நலிந்தால் மற்றொன்றைக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையவர். கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார். தமக்குரிய உரிமையைக் கேட்டுப் பெறுவார். ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளியை விட்டு நீங்கலாகாது என்று கருதியே, 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவியது. அத்திட்டத்தால் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் பயில்கின்றனர். பல தலைமுறைகளாகக் கல்வி மறுக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பட்டம் ஊதியத்தை மட்டும் தருவதில்லை. தலைநிமிர்ந்து பேசும் உரிமையையும் தருகின்றது. அதன் மதிப்பை ரூபாய்க் கணக்கில் அளக்க இயலாது.

ஆகவே கல்வியும் உழைப்பும் பொருட்காப்பின் இரு தூண்கள் எனலாம். தூண்கள் இன்றி வீடு நில்லாது. ஆயினும் தூண்களே வீடு ஆகிவிடா. கடனை அளவோடு வைத்தலும், வருவாயில் ஒரு பகுதியைச் சேமித்தலும், சேமிப்பை நம்பத்தக்க இடத்தில் வைத்தலும், கைத்தொழில் ஒன்றேனும் அறிந்திருத்தலும் சுவர்கள் ஆகும். இவை ஒவ்வொருவரும் தாமே எழுப்பிக்கொள்ளத் தக்கவை. நேர்மையான வங்கி, பொது மருத்துவமனை, காப்பீடு, ஓய்வூதியம், நியாயக் கூலி, வளரும் தொழில்கள் ஆகியவை கூரை ஆகும். கூரையைத் தனி ஒருவர் வேய முடியாது. நாட்டு மக்கள் அனைவரும் கூடியே வேய வேண்டும்.

இவ்வுண்மையை உணர்ந்தவர் உள்ளத்தில் இரண்டு மாறுதல்கள் நிகழும். வாழ்வில் உயர்ந்தவர், "என் முயற்சி ஒன்றே என்னை உயர்த்தியது" என்று செருக்குற மாட்டார். தம்மைத் தாங்கிய ஆசிரியரையும் பெற்றோரையும் நல்ல காலத்தையும் நினைந்து, பிறர்க்கும் கூரை வேய முன்வருவார். பட்டம் பெற்றும் வேலையின்றி வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் இளைஞரைக் காணும் ஊரார், "இவ்வளவு படித்து என்ன பயன்?" என்று அவர் செவிபட வினவ மாட்டார். முந்நூறு பேர் நின்ற வரிசையில் அவரும் ஒருவர் என்பதை எண்ணிப் பார்ப்பார்.

ஆனி மாதப் பேருந்தில் அமர்ந்திருக்கும் தந்தையின் நம்பிக்கை பொய்யன்று. அது பாதி உண்மை. பிள்ளை நன்கு படித்தலும் உழைத்தலும் அவ்வுண்மையின் ஒரு பாதி. அவ்வாறு படித்து உழைத்த எந்தப் பிள்ளையும் கைவிடப்படாத நாட்டை அமைத்தல் மற்றொரு பாதி. இன்று பள்ளியில் பயிலும் மாணவர் முதற் பாதியைத் தமக்காகவும், இரண்டாம் பாதியை எல்லார்க்காகவும் நிறைவேற்றும் பொறுப்பு உடையவர் ஆவர்.